பழைய எஞ்சினில் படிந்த கரியும் எண்ணெய்க் கசடும்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய ஒரு பெட்ரோல் கார் எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிட்டால், அல்லது மேடேறும்போது எஞ்சினுக்குள் ‘டக் டக்’ என்று தட்டல் கேட்டால், அதன் உரிமையாளருக்குச் சொல்லப்படும் யோசனைகளுக்குக் குறைவே இல்லை. டேங்கில் ஊற்றும் மருந்து, எஞ்சின் ஃபிளஷ், ஹைட்ரஜன் வாயு செலுத்திக் கரி எடுக்கும் இயந்திரம், அடிக்கடி எண்ணெய் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் துளை வழியே கரைப்பான் ஊற்றி ஊறவைப்பது, டாப் ஓவர்ஹால், ஹாஃப்கட் எஞ்சின் (வெட்டிப் பிரித்த பழைய காரிலிருந்து எடுத்த எஞ்சின்) என்று அந்த யோசனைகள் சில பத்து வெள்ளியில் (மலேசிய ரிங்கிட்டில்) தொடங்கிச் சில ஆயிரம் வெள்ளி வரை போகின்றன. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில், அந்த ஒரு காரை நம்பியே வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஈப்போ மருத்துவமனைக்கும் போய்வரும் குடும்பத்துக்கு, இவற்றில் தவறான ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண் செலவோடு நிற்காமல் எஞ்சினையே பறித்துவிடவும் கூடும். ஆகவே இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அழுக்கு எஞ்சினின் எந்தப் பகுதியில் இருக்கிறது, நாம் தேர்ந்தெடுக்கும் வழி அந்தப் பகுதியை எட்டுமா என்பதே அது.

இங்கே பேசப்படுபவை 1993இல் வெளிவந்த புரோட்டோன் வீரா, 2005இல் வந்த முதல் தலைமுறை பெரோடுவா மைவி போன்ற கார்கள். இவற்றில் பெட்ரோல், உள்வாங்கும் வால்வுக்கு வெளியே, காற்றுப் பாதையிலேயே கலக்கிறது. 2020இல் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ்50இன் உயர்நிலை வகையில் இருந்ததைப் போன்ற நேரடித் தெளிப்பு எஞ்சின்களுக்கு இந்தக் கட்டுரையின் பல கருத்துகள் பொருந்தா. அங்கே பெட்ரோல் வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை என்பதால் டேங்கில் எதை ஊற்றினாலும் அந்த வால்வு சுத்தமாகாது.

தோட்டப்புறத்தில் ஓடும் கார்களுக்கென்று ஒரு தனி நிலைமை இருக்கிறது. காலையில் வீட்டிலிருந்து செம்பனை ஆலைக்கு, அங்கிருந்து பள்ளிக்கு, மாலையில் பட்டணத்துக் கடைக்கு என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிலோமீட்டர் பயணமாகவே முடிகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் சில நிமிடங்களில் சூடேறிவிடும். எண்ணெய் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். எரிதலின்போது, பிஸ்டனைச் சுற்றியுள்ள அடைப்பு வளையங்களான பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே கசியும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வேண்டுமானால் எண்ணெய் நன்றாகச் சூடேறி அதே நிலையில் சிறிது நேரம் இருக்க வேண்டும். குறுகிய பயணத்தில் அதற்கு வழியில்லை. நம் நாட்டில் குளிர்காலம் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். பனி நாடுகளில் இந்தப் பிரச்சினை இன்னும் கடுமையானது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் எந்த நாட்டிலும் எண்ணெய் முழுச் சூட்டை எட்டாது. இதோடு செம்மண் பாதையின் புழுதியும் சேர்கிறது. காற்று வடிகட்டி சரியாகப் பொருந்தாத காரில் அந்தப் புழுதி எண்ணெயில் கலந்து ரிங்குகளைத் தேய்க்கிறது. ஆகையால், எண்ணெய் மாற்றப் பத்தாயிரம் கிலோமீட்டர் வரை பொறுக்கலாம் என்ற கணக்கு நெடுஞ்சாலையில் ஓடும் காருக்குச் சரியாக இருக்கலாம். தோட்டத்துக் காருக்கு அது பொருந்தாது. பெரும்பாலான கையேடுகளிலேயே கடுமையான பயன்பாட்டுக்கென்று குறைந்த இடைவெளி தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். குறுகிய பயணமும் புழுதியும் அந்தக் கடுமையான பயன்பாட்டில்தான் அடங்கும்.

அழுக்கு தங்கும் இடங்கள் முக்கியமாக நான்கு. முதலாவது உள்வாங்கும் வால்வின் முதுகும், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியும். இரண்டாவது பிஸ்டனின் தலையும் எரியறையும். இங்கே கரி தடித்தால் எரியறையின் இடம் குறைந்து அழுத்தம் கூடுகிறது, கரியின் முனைகள் கனன்று தட்டலை உண்டாக்குகின்றன. மூன்றாவது பிஸ்டன் ரிங்குகள் அமர்ந்திருக்கும் பள்ளம், குறிப்பாக எண்ணெயை வழித்து இறக்கும் கீழ் ரிங்கும் அதன் பின்னாலுள்ள சிறு வடிகால் துளைகளும். நான்காவது வால்வு மூடிக்கு அடியிலும் எண்ணெய்த் தொட்டியிலும் தேங்கும் கசடு. எண்ணெய் குடிக்கும் காரில் பெரும்பாலும் மூன்றாவது இடத்தில்தான் வினை இருக்கும். அந்தத் துளைகள் அடைபட்டால், வழித்த எண்ணெய் திரும்பிப் போக வழியின்றி மேலே ஏறி எரிகிறது. 2000களின் பிற்பகுதியில் வந்த சில டொயோட்டா 2.4 லிட்டர் எஞ்சின்களில் இந்தக் குறை பரவலாகத் தெரியவந்து, அமெரிக்காவில் அந்நிறுவனமே மாற்றியமைத்த பிஸ்டன்களைப் பொருத்திக் கொடுத்தது. நன்றாகத் தயாரிக்கப்பட்ட எஞ்சினிலும் இந்த ஓரிடம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதுவே போதிய சான்று.

எந்த இடம் என்பதைச் செலவின்றியே ஓரளவு அறியலாம். இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் கிளப்பும்போது நீலப் புகை ஒருமுறை வந்து நின்றுவிட்டால் வால்வுத் தண்டின் ரப்பர் சீல் இறுகிப்போயிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது, குறிப்பாக மிதித்து வேகமெடுக்கும்போது, நீலப் புகை தொடர்ந்தால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், உலர்ந்த கரும்பொடி பெட்ரோல் மிகுதியைக் காட்டும்; ஈரமான எண்ணெய்ப் பளபளப்பு எண்ணெய் ஏறுவதைக் காட்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து கைவிளக்கால் உள்ளே பார்த்தால், தேன் நிறப் பூச்சு மட்டுமே தெரியும் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது; விரல் வைத்தால் வழித்துக்கொண்டு வரும் கருங்கசடு தெரிந்தால் வேறு கணக்குப் போட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அளவுகோலில் எண்ணெய் மட்டத்தைக் குறித்து வைத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கு கையில் இல்லாதவர் எந்த மருந்து வேலை செய்தது, எது செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இறுதியாக, பட்டறையில் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்பிரஷன் சோதனை செய்யச் சொல்லலாம். அழுத்தம் குறைவாக இருக்கும் சிலிண்டரில் சிறிது எண்ணெய் ஊற்றி மறுபடி அளக்கும்போது அழுத்தம் ஏறினால் பழுது ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட்டிலோ.

இனி வழிகளுக்கு வருவோம். டேங்கில் ஊற்றும் மருந்து வால்வின் முதுகுக்கும் எரியறைக்கும் மட்டுமே உதவும்; திராட்டில் பாடியை அது எட்டாது. அதிலும் எல்லாப் புட்டிகளும் ஒன்றல்ல. பாலிஈதர்அமீன், சுருக்கமாகப் பிஇஏ, கலந்த மருந்து வால்வின் முதுகையும் எரியறையையும் சுத்தம் செய்யும் திறன் உள்ளது. அதைவிட மலிவான பாலிஐசோபியூட்டின் அமீன் வகை வால்வைச் சுத்தம் செய்தாலும் எரியறையில் தானே படிவை உண்டாக்கக்கூடும். எனவே புட்டியில் எந்த வேதிப்பொருள் என்று எழுதப்படாத மருந்தை வாங்காமல் இருப்பதே நல்லது. பிஇஏ மருந்தில் ஒரு பகுதி எண்ணெயிலும் கலக்கும் என்பதால், அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு முந்தைய டேங்கில் ஊற்றுவது பொருத்தம். தட்டல் மட்டுமே குறையாக இருந்து, எண்ணெய் குறையாத காருக்கு இது நல்ல தொடக்கம். எண்ணெய் குடிக்கும் காருக்கு இதனால் பெரிய பயன் கிடைக்காது. ரோன்97 பெட்ரோல் போட்டால் எஞ்சின் சுத்தமாகும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண் தட்டலைத் தாங்கும் திறனின் அளவு மட்டுமே. அது கரியைக் கரைப்பதில்லை. கரி தடித்த எஞ்சினில் ரோன்97 தட்டலைக் குறைப்பதால், நோய் தீர்ந்ததைப் போலத் தோன்றுகிறது. அந்தக் கூடுதல் விலையைச் சில மாதங்கள் கொடுப்பதைவிட ஒரு நல்ல மருந்துப் புட்டி மலிவானது.

நெடுஞ்சாலை ஓட்டம் எரியறைக்கும், எண்ணெயில் கசடு சேராமல் தடுக்கவும் உதவுகிறது. கோலகங்சாரில் ஏறி, மெனோரா சுரங்கப்பாதை மேட்டில் ஒரு கியர் குறைத்து, எஞ்சினைச் சற்று உயர்ந்த சுழற்சியில் வைத்து, வேக வரம்புக்குள்ளேயே ஈப்போவரை போய்வந்தால் எண்ணெய் நன்கு சூடேறி ஈரமும் பெட்ரோலும் வெளியேறும். தோட்டத்துக்குள்ளேயே ஓடும் காருக்கு மாதம் ஓரிரு முறை இப்படி ஓட்டம் கிடைப்பது மிக நல்லது. புறப்படுமுன் எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைவான காரை இப்படி ஓட்டுவது ஆபத்து. ஹைட்ரஜன் இயந்திரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. ரிங் பள்ளத்துக்கும் கசடுக்கும் அது எட்டாது. எரியறைக்கு அது செய்யும் நன்மைக்கும் பிஇஏ மருந்துக்கு உள்ளதைப் போன்ற உறுதியான அடிப்படை இல்லை. திராட்டில் பாடி கழுவுவது ஐட்லிங்கில், அதாவது நின்றபடி இயங்கும்போது, தடுமாறும் காருக்குப் பலன் தரும் எளிய வேலை, அவ்வளவே.

எஞ்சின் ஃபிளஷ்தான் பட்டறைகளில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது. ஆகவே இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பழைய எண்ணெயோடு மெல்லிய கரைப்பானை ஊற்றி, காரை ஓட்டாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு வடித்துவிடுவார்கள். வடியும் எண்ணெய் கன்னங்கரேலென்று இருப்பதைப் பார்த்து மனம் நிறைவது இயல்பு. ஆனால் அத்தனை ஆண்டுகள் படிந்த கசடு கால் மணி நேரத்தில் முழுவதும் கரைவதில்லை. மேற்பரப்பு இளகி, துண்டு துண்டாகப் பெயர்ந்து, கீழே தொட்டியில் உள்ள சல்லடைக்குப் போய்ச் சேர்கிறது. எண்ணெய் பம்ப் உறிஞ்சும் வாய் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவரின் மைவியில் இதைக் கண்ணால் பார்த்தேன். வேறிடத்தில் ஃபிளஷ் செய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது எண்ணெய் விளக்கு சிவப்பாக மினுக்கும், மிதித்தால் அணையும். அளவுகோலில் மட்டம் சரியாகவே இருந்தது. பட்டறையின் போமேன் (மெக்கானிக்) தொட்டியைக் கழற்றி, தரையில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் கவிழ்த்து வைத்தார். சல்லடையின் வலையில் முக்கால் பங்கு, வேகாத அல்வாவைப் போன்ற கருங்கசடு அப்பிக்கிடந்தது. திருப்புளியின் முனையால் அவர் அதைச் சுரண்டியபோது உள்ளே கடினமான கரித் துணுக்குகளும் தெரிந்தன. “அங்கிள், எண்ணெய் இருக்கு. பம்ப் உறிஞ்சத்தான் வழியில்ல. இன்னும் ரெண்டு வாரம் ஓட்டியிருந்தா பேரிங் போயிருக்கும்,” என்றார் அவர். தொட்டியையும் சல்லடையையும் கழுவிப் புதிய சீலண்ட் இட்டு மாட்டிய பிறகு விளக்கு எரிவது நின்றது.

ஃபிளஷின் அடிப்படைச் சிக்கல் இதுதான்: சுத்தமான எஞ்சினுக்கு அது தேவையில்லை, கசடு மண்டிய எஞ்சினுக்கு அது ஆபத்து. வடித்த பிறகும் எஞ்சினுக்குள் தங்கிவிடும் கரைப்பான் புதிய எண்ணெயையும் நீர்க்கச் செய்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிச் செய்வதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். எண்ணெய் தவறாமல் மாற்றப்பட்டு, லேசான பூச்சு மட்டும் படிந்த எஞ்சினில் ஒருமுறை செய்தால் தீங்கு வராமல் போகலாம். ஆனால் அந்த எஞ்சினுக்கு அந்தப் பணத்தில் அடுத்த எண்ணெய் மாற்றத்தைச் சற்று முன்கூட்டியே செய்வது மேல்.

அந்த மெதுவான வழியையே நான் பெரும்பாலோருக்குப் பரிந்துரைப்பேன். நல்ல எஞ்சின் எண்ணெயில் அழுக்கைக் கழற்றும் பொருளும், கழன்றதைத் துகள்களாக மிதக்கவைத்து வடிகட்டிக்குக் கொண்டுசெல்லும் பொருளும் ஏற்கெனவே இருக்கின்றன. அவை வேலை செய்ய நேரம் வேண்டும். அழுக்கால் நிறைந்த எண்ணெயை வெளியேற்றவும் வேண்டும். ஆகவே முதல் எண்ணெயை 1,500 அல்லது 2,000 கிலோமீட்டரில் மாற்றி, ஒவ்வொரு முறையும் வடிகட்டியையும் மாற்றி, வடியும் எண்ணெயின் நிறம் மெல்லத் தெளியத் தொடங்கியதும் இடைவெளியை 5,000 கிலோமீட்டர் வரை நீட்டலாம். கசடு கண்ணுக்குத் தெரியும் எஞ்சினில், தொட்டியைக் கழற்றிச் சல்லடையைக் கழுவிவிட்டு இதைத் தொடங்குவது பாதுகாப்பு. மைவியின் 1.3 லிட்டர் கே3-விஇ எஞ்சினுக்கு நான்கு லிட்டர் கலன் ஒன்றே போதும் என்பதால் செலவும் தாங்கக்கூடியது. அந்த எஞ்சினின் டைமிங் சங்கிலியும் மாறும் வால்வு நேர அமைப்பும் எண்ணெய் அழுத்தத்தை நம்பியே இயங்குபவை. கசடால் முதலில் பாதிக்கப்படுவதும் அவைதான்.

எண்ணெயின் தடிமன் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எண்ணெய் குடிக்கிறதே என்று மிகத் தடித்ததை ஊற்றுவது புகையைச் சிறிது மறைக்கும், அடைப்பைத் திறக்காது. டீசல் லாரி எண்ணெயில் கழுவும் சக்தி அதிகம் என்று சொல்லி அதை ஊற்றுபவர்களும் உண்டு. அதில் கழுவும் பொருள் மிகுதி என்பது மெய்தான். ஆனால் அதில் பொதுவாக அதிகமாக உள்ள பாஸ்பரஸ், எண்ணெய் எரியும் காரில் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும். எண்ணெய் குடிக்கும் காருக்கே இந்தத் தீங்கு அதிகம். போலி எஞ்சின் எண்ணெய் பிடிபடும் செய்திகள் நம் நாட்டில் அவ்வப்போது வருகின்றன. வழக்கத்துக்கு மாறான மலிவு விலையில் யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். இந்த வழியில் கழிவு எண்ணெய் மிகுதியாகச் சேரும். மலேசியாவில் அது அட்டவணைக் கழிவு வகையைச் சேர்ந்தது. வீட்டிலேயே மாற்றுபவர்கள் அதைச் செம்பனைக் காட்டின் கால்வாயில் கொட்டாமல், சேகரித்து ஒப்படைக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பிசிவி வால்வு. எஞ்சினின் அடியறையில் சேரும் ஆவியை உறிஞ்சி மீண்டும் எரியறைக்கு அனுப்புவது இந்தச் சிறு பொருள்தான். அது அடைபட்டால் ஈரம் உள்ளேயே தங்கிக் கசடாகும், அழுத்தம் ஏறி சீல்கள் கசியும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எண்ணெயையே உறிஞ்சி எரிக்கும். எண்ணெய் குடிக்கும் ஒரு காருக்கு ரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் இதைக் கழற்றிக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே கலகல என்று ஓசை வர வேண்டும். ஐயமிருந்தால் புதிதாக மாற்றிவிடலாம். பெரிய பழுதுகளின் பக்கத்தில் அதன் விலை ஒரு பொருட்டே அல்ல.

இத்தனைக்குப் பிறகும் எண்ணெய் குறைவது நிற்காமல், புகையும் ரிங்கையே காட்டினால், பிஸ்டனை ஊறவைப்பது அடுத்த படி. சூடான எஞ்சினில் பிளக்குகளைக் கழற்றி, நான்கு பிஸ்டன்களும் ஒரே மட்டத்தில் நடுவில் நிற்குமாறு கையால் சுழற்றி, ரிங் படிவைக் கரைப்பதற்கென்றே விற்கப்படும் திரவத்தை ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு ஊற்றிப் பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, விட வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த துப்புரவுத் திரவம் எதையும் அருகில் கொண்டுவரக் கூடாது. அது அலுமினிய பிஸ்டனை அரித்துவிடும். பிளக்குகளை மாட்டுவதற்கு முன் எஞ்சியிருக்கும் திரவத்தை உறிஞ்சி எடுத்து, துளைகளைத் துணியால் மூடி, பெட்ரோலும் மின்பொறியும் வராதபடி நிறுத்தி, எஞ்சினைச் சுழற்றி மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். திரவத்தை அழுத்த முடியாது. அதை உள்ளே வைத்துக்கொண்டு கிளப்பினால் கனெக்டிங் ராடு வளைந்து, அந்த ஒரு நொடியில் எஞ்சின் முடிந்துவிடும். பிறகு எண்ணெயையும் வடிகட்டியையும் கட்டாயம் மாற்ற வேண்டும். முதல்முறை கிளம்பும்போது வெண்புகை நிறைய வரும் என்பதால் இதைத் திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில் செய்வது அவசியம். மாட்டிக்கொண்ட ரிங் விடுபட்டால் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் அது தெரிந்துவிடும். ஒருமுறை பலன் பாதியாக இருந்தால் மறுமுறை செய்யலாம். இரண்டு முறையிலும் மாற்றம் இல்லாவிட்டால் ரிங் தேய்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். தேய்ந்த உலோகத்தை எந்தத் திரவமும் வளர்த்துத் தராது.

அந்த நிலையில் எஞ்சினைத் திறக்காமல் முடியாது. இங்கே பலர் பணத்தை இழப்பது ஒரு பெயர்க் குழப்பத்தால்: டாப் ஓவர்ஹால் என்பது மேலே உள்ள ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு, சீல், கேஸ்கட் ஆகியவற்றைப் பார்ப்பது. ரிங் பழுதான எஞ்சினுக்கு அதைச் செய்தால் செலவுதான் மிஞ்சும். ரிங் மாற்றப் பிஸ்டனையே வெளியே எடுக்க வேண்டும். மாறாக, பழுது வால்வு சீலில் மட்டும் இருந்தால், பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து வால்வுகளைத் தாங்கிப் பிடித்தபடி, பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலேயே சீல்களை மாற்றிவிடலாம்; இதைச் செய்யத் தெரிந்த போமேனைத் தேடிப் போவது பயனுள்ள அலைச்சல். முழு ஓவர்ஹாலின் செலவு காரின் விற்பனை விலையை நெருங்கும்போதுதான் ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் எஞ்சினை எண்ணிப் பார்க்க வேண்டும். கே3-விஇ எஞ்சின் பல டைஹாட்சு, டொயோட்டா கார்களிலும் இருப்பதால் தேடினால் கிடைக்கும். ஆனால் அதன் முந்தைய வாழ்க்கை நமக்குத் தெரியாது; வால்வு மூடியைத் திறந்து காட்டவும் கம்பிரஷன் அளந்து காட்டவும் மறுக்கும் கடையில் வாங்கக் கூடாது. எஞ்சின் எண் மாறுவதால் வாகனச் சோதனைக்குக் கொண்டுபோய், ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் புதிய எண்ணைப் பதிந்த பிறகே சாலையில் ஓட்ட வேண்டும். பதியாத எஞ்சினோடு விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீட்டில் சிக்கல் வரும். ஆகவே எஞ்சினின் விலையைப் பேசும்போதே இந்தப் பதிவுக்கான ரசீதும் ஆவணங்களும் விலைக்குள் அடங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.